வார்டும் வீடும்: சேரி அகற்றப்பட்டபோது மாமன்றம் எங்கே இருந்தது?

மாநகராட்சித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் தெருவில் கேட்கிற பேச்சு ஒன்றுதான். சாலை போடுவோம், விளக்கு போடுவோம், மழைநீர் வடிகால் கட்டுவோம். கொஞ்சம் படித்த வேட்பாளராக இருந்தால் இப்போது மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்கிறார்: குடியிருப்பு, வளர்ச்சி, காலநிலை. நோட்டீசில் பச்சை நிறத்தில் ஒரு மரமும் இருக்கும்.

பேசட்டும், நல்லதுதான். ஆனால் தோழர்களே, இந்த மூன்று சொற்களுக்கும் சென்னையில் ஒரு வரலாறு இருக்கிறது. அது சேரியின் வரலாறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வேட்பாளரிடம் கேள்வி கேட்டால், அவர் நோட்டீசைக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

இந்தக் கட்டுரை சொல்லவருவது இதைத்தான். சென்னையின் உழைக்கும் மக்கள் கூட்டம் கூட்டமாக நகரத்தை விட்டு அனுப்பப்பட்ட காலங்களை எடுத்துப் பாருங்கள். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இருந்திருக்காது. மன்றம் இருந்திருந்தால் அதன் கையில் அதிகாரம் இருந்திருக்காது. இரண்டும் இருந்திருந்தால், மக்கள் அனுப்பப்பட்ட இடம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்திருக்கும். வீட்டைப் பறித்தபோது வாக்கையும் சேர்த்தே பறித்தார்கள்.

மனை யாருடையது?

1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பொறுப்பிலிருந்த ட்ரெமென்கீர் என்ற ஆங்கிலேய அதிகாரி, பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லை, கல்வி இல்லை என்பதோடு அதில் இன்னொன்றும் இருந்தது. அந்த மக்கள் குடிசை போட்டிருந்த மனைகூட அவர்களுடையதில்லை. மிராசுதார் சொன்னால் எழுந்து போக வேண்டும். கூலி கேட்டால் மனை போய்விடும். குடியிருக்கிற இடத்தைக் கையில் வைத்திருப்பவன், குடியிருப்பவனின் வாயையும் கையில் வைத்திருப்பான் என்பதை அன்றைய சேரி அனுபவத்தில் அறிந்திருந்தது.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையின்படி கொடுக்கப்பட்டவைதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்பவை. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை எப்படிக் காற்றில் விடப்பட்டது என்பதும், காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தையொட்டி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று "பழைய மாமல்லபுரம் சாலை", "ஐ.டி. காரிடார்" என்று வளர்ச்சியின் அடையாளமாகக் காட்டப்படும் பகுதி அதே செங்கல்பட்டு மண்தான். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் அந்த மண்ணில்தான் இருக்கின்றன. நகரத்தின் சேரிகள் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்டன.

நகரத்துக்குள் சேரி

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்று பெருமை பேசுவார்கள். அந்த நகரம் தொடக்கத்திலேயே வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்று பிரிந்திருந்தது. கறுப்பர் நகரத்துக்குள்ளும் சாதிக்கொரு தெரு. பதினெட்டாம் நூற்றாண்டு வரைபடங்களில் பறைச்சேரி என்ற பெயரையே காணலாம். நகரத்தின் சுமை தூக்கியவர்கள், குப்பை அள்ளியவர்கள், வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்தவர்கள், பிறகு ஆலைகளில் நின்றவர்கள் இந்தச் சேரிகளிலிருந்து போனவர்கள்தான். நம்மைச் சென்னையின் பூர்வகுடிகள் என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தத்தில் சேர்வதா வேண்டாமா என்ற கேள்வி சாதி மோதலாக மாறியபோது முதலில் எரிந்தது கூரைதான். நகரத்தில் குடிசை என்பது எப்போதுமே தீக்கும் வெள்ளத்துக்கும் புல்டோசருக்கும் நடுவே நிற்கிற ஒன்று.

ஆனால் அந்தத் தலைமுறை அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில், பொதுச் சாலை, கிணறு, கட்டடம் எல்லாம் எல்லாருக்கும் பொது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்றினார். நகரசபை என்பது எவ்வளவு பெரிய களம் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தார்கள். 1930களின் இறுதியில் ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னையின் மேயரானார். அகில இந்திய பட்டியலினத்தோர் கூட்டமைப்பின் தலைவராக அண்ணல் அம்பேத்கருடன் நின்ற என். சிவராஜ் 1945இல் மேயரானார். பின்னாளில் அம்பேத்கர் மக்கள் இயக்கத்தைத் தொடங்கிய வை. பாலசுந்தரம் 1969இல் மேயரானார். கிராமத்தை விட்டு நகரத்துக்கு வாருங்கள் என்று அண்ணல் சொன்னதன் அரசியல் பொருள் இதுதான்: வேலைக்கு மட்டும் வராதே, ஆட்சிக்கும் வா.

எட்டு ஆண்டுகளில் கைமாறிய அதிகாரம்

அந்த ஆட்சியின் கையிலிருந்து என்னென்ன போயின என்பதை இனிப் பார்ப்போம்.

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. 1971இல் அதற்கான சட்டம் வந்தது. நியாயமாகப் பேச வேண்டுமென்றால், வாரியத்தின் தொடக்க காலம் மோசமானதல்ல. நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் குடிசை இருந்த அதே இடத்தில் அடுக்கு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். 1971இல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. அறிவிக்கப்பட்டால் என்ன பயன்? வாரியம் அந்த இடத்தை மேம்படுத்தியாக வேண்டும், சட்ட நடைமுறையில்லாமல் மக்களை வெளியேற்றிவிட முடியாது. 1985இல் மேலும் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டன. அதன் பிறகு கால் நூற்றாண்டாக ஒன்றுகூடச் சேர்க்கப்படவில்லை. நகரத்தில் புதிய குடிசைகள் வந்துகொண்டேதான் இருந்தன. பட்டியல் மட்டும் அப்படியே நின்றது. பட்டியலில் இல்லாதவர்களுக்கு வேறு பெயர் வைத்தார்கள்: ஆக்கிரமிப்பாளர்கள்.

அதே பத்தாண்டில் நகரத் திட்டமிடலுக்கு பெருநகர வளர்ச்சிக் குழுமம் வந்தது. 1978இல் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் வந்தது. வீடு ஒரு வாரியத்துக்கு, நிலத் திட்டம் ஒரு குழுமத்துக்கு, தண்ணீர் இன்னொரு வாரியத்துக்கு. இவற்றுக்கும் சேரி மக்கள் போட்ட வாக்குக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை.

மாமன்றம் என்ன ஆனது? 1973இல் அது கலைக்கப்பட்டது. போலிப் பணியாளர் பட்டியல் வைத்துக் கூலி எடுத்த ஊழல் காரணமாகச் சொல்லப்பட்டது. ஊழல் செய்தவர்களைத் தண்டிப்பதும் தேர்தல் நடத்துவதும் ஒரே ஆண்டில் முடிகிற காரியம். ஆனால் அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள் இந்த மாபெரும் நகரத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அந்த இருபத்து மூன்று ஆண்டுகளில்தான் உலக வங்கிக் கடனில் நகர மேம்பாட்டுத் திட்டங்கள் வந்தன, பறக்கும் ரயிலுக்கு வழி போடப்பட்டது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டுவது வழக்கமானது. யாரைக் கேட்டார்கள்? கேட்பதற்கு மன்றமே இல்லை.

எல்லைக்கு வெளியே

1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இந்த நிலையை மாற்றியிருக்க வேண்டும். நகர உள்ளாட்சிகளுக்குத் தரலாம் என்று பன்னிரண்டாவது அட்டவணை 18 பொறுப்புகளைப் பட்டியலிடுகிறது. நகரத் திட்டமிடல், குடிசைப் பகுதி மேம்பாடு, நகர்ப்புற வறுமை ஒழிப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. மாணவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். வேட்பாளர் "இது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று சொல்லும்போது, "ஏன் இல்லை?" என்று கேட்க அது போதும்.

1996க்குப் பிறகு மன்றம் வந்தது. ஆனால் அதிகாரம் வாரியங்களிடமே தங்கிவிட்டது. 2000ஆம் ஆண்டு முதல் மக்களைக் கண்ணகி நகருக்கு அனுப்பினார்கள். ஒரே இடத்தில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேல். பிறகு பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல்.

இந்த இடங்களின் நிர்வாக எல்லையைப் பாருங்கள். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் மக்கள் அனுப்பப்பட்டபோது ஊராட்சிப் பகுதிகள். 2011இல் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோதுதான் அவை சென்னைக்குள் வந்தன. பெரும்பாக்கம் 2022 தேர்தலின்போதும் வெளியேதான், ஊராட்சியாகவே இருந்தது. நகரத்தின் நடுவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, நகரத்தைக் கூட்டிப் பெருக்கி, நகரத்துக்கு வாக்குப் போட்டவர் ஒரு லாரியில் ஏற்றப்பட்டு இறங்கியபோது நகரவாசியாக இல்லை. அவர் வேலை செய்யும் வீடு, அவர் பிள்ளை படித்த பள்ளி, அவர் போகும் அரசு மருத்துவமனை எல்லாம் சென்னையில். அவருடைய வாக்கு வேறு ஊரில். அவரை வெளியேற்றிய நகரத்தை ஆள்வது யார் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சென்னையின் 46 லட்சம் பேரில் சுமார் 13.4 லட்சம் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். நூற்றுக்கு 29 பேர் அளவு. பல வார்டுகளில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிற எண்ணிக்கை இது. ஒரு சேரி காலியாகும்போது ஒரு வாக்கு வங்கி மட்டும் காலியாவதில்லை, ஒரு தலைமை உருவாகும் இடமும் காலியாகிறது. மன்றம் வைத்து, நூலகம் வைத்து, அம்பேத்கர் படம் வைத்து வளர்ந்த தெரு கலைந்து, எட்டு மாடிக் கட்டடத்தில் ஒருவரையொருவர் அறியாத குடும்பங்களாகச் சிதறும்.

மீண்டும் மன்றம் இல்லாத ஆண்டுகள்

2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். இந்த இடைவெளியில் மாநகராட்சியை அதிகாரிகள் ஆண்டார்கள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அனுப்பப்பட்டதும் இதே இடைவெளியில்தான்.

தீவுத்திடல் அருகே இருந்த சத்தியவாணிமுத்து நகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்து மாநில அமைச்சராகவும் ஒன்றிய அமைச்சராகவும் இருந்த பெண் தலைவர் பெயரில் அமைந்த குடியிருப்பு. 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவே, அங்கே வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். தேர்வுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். வீட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்த தாய்மார்கள் பேருந்துச் செலவையும் நேரத்தையும் கணக்குப் பார்த்து வேலையை விட்டார்கள். அன்று அந்த வார்டுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

"ஆக்கிரமிப்பு" என்ற சொல்

வெளியேற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் வெள்ளம். ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து, ஆறு சுருங்கிவிட்டது, ஆகவே போங்கள். சரி, ஆற்றைச் சுருக்கியவர்கள் யார்? சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே போகிறது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள் நிற்கின்றன. ஒருகாலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. அங்கே குப்பைக் கிடங்கும் சாலைகளும் கல்வி நிறுவனங்களும் ஐ.டி. வளாகங்களும் எழும்பின. இவற்றுக்கெல்லாம் பெயர் வளர்ச்சி. ஓலையும் தகரமும் போட்ட பத்தடி வீட்டுக்குப் பெயர் ஆக்கிரமிப்பு.

அடுத்ததுதான் கொடுமை. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி மக்களைக் கொண்டுபோய் வைத்த இடமே அந்தச் சதுப்பு நிலத்தின் நீர் ஓடும் பாதை. 2015இல் செம்மஞ்சேரி மூழ்கியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பெரும்பாக்கம் தண்ணீரில் நின்றது. சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. மகிழ்ச்சிதான். பறவைக்குக் கிடைத்த அங்கீகாரம், பறவையின் இடத்தில் கட்டாயப்படுத்திக் குடிவைக்கப்பட்ட மனிதருக்கு எப்போது கிடைக்கும்?

இப்போது மாநகராட்சிக்கே ஒரு காலநிலைச் செயல்திட்டம் இருக்கிறது. 2023இல் வெளியிடப்பட்டது. 2050க்குள் கார்பன் சமநிலை என்பது இலக்கு. அதன் வரைவு 2022இல் ஆங்கிலத்தில்தான் முதலில் வந்தது. வெள்ளத்தில் முதலில் மூழ்குகிறவர்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் அவர்களிடம் கருத்து கேட்டார்கள். எதிர்ப்பு வந்த பிறகுதான் தமிழ் வந்தது. அழகுபடுத்தல், ஆற்றுச் சீரமைப்பு, வெள்ளத் தடுப்பு என்று பெயர் மாறி மாறி வந்த வெளியேற்றம், இனி காலநிலைத் தகவமைப்பு என்ற பெயரில் வரலாம். அந்தச் சொல்லை இப்போதே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நியாயமான மறுப்பு

"ஆற்றங்கரையிலேயே கிடந்து சாகச் சொல்கிறாயா?" என்று சிலர் கேட்பார்கள். நம் மக்களிலேயே கேட்பவர்கள் உண்டு. கழுத்தளவு தண்ணீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற தாய்க்குக் கான்கிரீட் கூரை பெரிய விஷயம். அதை நாம் இளக்காரமாகப் பேசக் கூடாது. பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்ததால் நிம்மதியானவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி வீடு வேண்டுமா என்பதில் இல்லை. வீடு எங்கே, எத்தனை கிலோமீட்டரில், யார் முடிவில் என்பதில்தான். அருகிலேயே கட்ட முடியும் என்று 1970களில் இந்த அரசே காட்டியிருக்கிறது. 2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு, அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தருவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அப்படியானால் நகரத்துக்குள் இடம் இருக்கிறது. ஓர் உயிர் போன பிறகுதான் அந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது.

அதே இடத்தில் கட்டினால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1921இல் குடிசைகள் எரிந்த அதே புளியந்தோப்பில், சரியாக நூறு ஆண்டு கழித்து 2021இல், கே.பி. பூங்காவில் வாரியம் கட்டிய புது அடுக்குமாடியின் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்தது. ஏழைக்குத்தானே என்ற நினைப்பு சிமெண்ட்டில் கலந்திருந்தது. அந்த ஆண்டு வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

வேட்பாளரிடம் என்ன கேட்பது?

2022 தேர்தலில் 200 வார்டுகளில் 32 பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, பிரியா ராஜன் சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். நூறாண்டுப் போராட்டத்தில் இது சிறிய விஷயமல்ல. ஆனால் நாற்காலி நமக்கும் சாவி வாரியத்துக்கும் என்று இருந்தால் அந்த நாற்காலியால் என்ன செய்ய முடியும்? 2025 ஆகஸ்டில் ரிப்பன் கட்டடத்தின் வாசலில், குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று 13 நாட்கள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். நம் ஆட்கள் உள்ளேயும் இருந்தார்கள், வெளியேயும் இருந்தார்கள். எண்ணிக்கையில் கிடைத்த இடத்தை அதிகாரமாக மாற்றும் வேலை இன்னும் மீதமிருக்கிறது.

ஆகவே, உங்கள் வார்டுக்கு வாக்கு கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், நம் சாதிக்காரராகவே இருந்தாலும், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, இந்த வார்டில் எத்தனை குடிசைப் பகுதிகள் சட்டப்படி அறிவிக்கப்பட்டவை, எத்தனை அறிவிக்கப்படாதவை? அறிவிக்கப்படாதவற்றைப் பட்டியலில் சேர்க்க மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவீர்களா?

இரண்டு, வெளியேற்ற நோட்டீஸ் வந்தால் அது உங்கள் கைக்கு வந்த அன்றே எங்களுக்குத் தெரியுமா? பகுதி சபை கூட்டி, மக்கள் சம்மதம் எழுத்தில் இல்லாமல் ஒரு வீட்டையும் தொட விடமாட்டீர்களா? தமிழ்நாட்டில் நகர உள்ளாட்சிகளுக்கான பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கின. உங்கள் பகுதியில் அது கடைசியாக என்று கூடியது?

மூன்று, இந்த வார்டில் உள்ள அரசு நிலங்கள் எவை, யாருக்குக் குத்தகை? வீடு கட்ட இடமில்லை என்று சொல்வதற்கு முன் அந்தப் பட்டியலை வெளியிடுவீர்களா?

நான்கு, காலநிலைத் திட்டத்தில் எங்கள் தெருவின் பெயர் இருக்கிறதா? எங்களைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறதா, அகற்றுவதற்காக இருக்கிறதா? வடிகாலும் நிழலும் வெப்பம் தாங்கும் கூரையும் எங்களுக்கு எந்த ஆண்டில் வரும்?

ஐந்து, இந்த வார்டிலிருந்து பெரும்பாக்கம் போனவர்களுக்காக மன்றத்தில் யார் பேசுவார்கள்?

பதிலை எழுதி வாங்குங்கள். தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, தெரு முனையில் ஒட்டுங்கள். வென்றவர் மறந்தால் பகுதி சபையில் அதே தாளை எடுத்து வாசியுங்கள். வாக்காளர் பட்டியலை இன்றே எடுத்து வீடு வீடாகச் சரிபாருங்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெயர் பழைய இடத்தில் நீக்கப்பட்டு, புதிய இடத்தில் சேர்க்கப்படாமல் போயிருந்தால், படிவம் நிரப்பிக் கொடுக்க ஒரு கல்லூரி மாணவர் போதும்.

சிவராஜ் மேயராக உட்கார்ந்த மன்றம் இது. அந்த மன்றத்துக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் இடத்தில் நாம் இருக்க வேண்டுமென்றால், முதலில் நாம் நகரத்துக்குள் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்!